ஆசுபத்திரி வரைக்கும் ஓடிப் பார்த்த கார்

கார் வாங்குவதற்கு முன்பே காருக்குக் கொட்டில் போட்டவன் நான். உடையார்கட்டில் நாங்கள் இருந்த காணியின் படலையோரம் நாலு காட்டுத்தடி நட்டு, கிடுகு வேய்ந்து, சில்லு புதையாமல் இருக்கக் கிரவலும் பரப்பினேன். வழியால் போனவர்கள் "என்ன, கடை போடப் போறியளோ?" என்று கேட்டார்கள். "இல்லை, கார் வருது" என்றேன். எந்தக் கார், ஆருடைய கார் என்று அவர்கள் அடுத்ததாகக் கேட்டபோது, குனிந்து கிரவலைப் பரப்பத் தொடங்கினேன்.

கார் இருக்கவில்லை, காரணம் மட்டும் இருந்தது. என் மனைவிக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். முல்லைத்தீவுக் கரையில் இருந்த காலத்தில் அது வருடத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தொண்ணூறுகளின் நடுவில் இடம்பெயர்ந்து காட்டுப் பக்கம் வந்த பிறகு, மாரி ஈரத்தோடு சேர்ந்து எங்கள் வீட்டிலேயே குடியிருக்கத் தொடங்கியது. இழுப்பு வந்தால் புதுக்குடியிருப்பு ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். வாகனம் என்று எங்களிடம் இருந்தது என் சைக்கிள்தான். கரியரில் அவளை இருத்தி, குண்டும் குழியுமான அந்த ரோட்டில் மிதிப்பேன்.

ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழைக்குள், நடு வழியில் சங்கிலி கழன்றுவிட்டது. நான் சேற்றில் குந்தியிருந்து அதை மாட்டப் பாடுபட, அவள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு ஏங்கியபடி நின்றாள். அந்த ஏக்கத்துக்கு நடுவிலும் "முதல் பின்னாலை மாட்டுங்கோ... பிறகு பெடலைச் சுத்துங்கோ" என்று எனக்கு வழி சொன்னாள். அவள் சொன்னபடி செய்தபோதுதான் சங்கிலி ஏறியது. எனக்குப் பெரிய அவமானமாகவும் அதைவிடப் பெரிய பயமாகவும் இருந்தது. இன்னொரு மாரிக்கு இந்தச் சைக்கிளை நம்பினால் ஒரு நாள் அவளை வழியிலேயே பறிகொடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். கார் வாங்கும் எண்ணம் அங்கே, அந்தச் சேற்றுக்குள் வந்தது.

"மனிசிக்காகத்தான்" என்று ஊரெல்லாம் சொன்னேன். முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதா கோயில் வாசலில் காரில் போய் இறங்கும் நான் இருந்தேன். கதவைச் சாத்துகிற சத்தத்துக்குச் சனம் திரும்பிப் பார்க்கும். நான் அதைக் கவனிக்காதவன் போல சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போவேன். சேட்டுக் கையை முழங்கையில் எது வரை மடிப்பது என்பதுகூடத் தீர்மானமாகியிருந்தது. கார் ஓட்டத் தெரியாது என்பது ஒரு சின்ன விசயம். அதற்காக விறாந்தையில் கதிரையைப் போட்டு, சுளகைக் கையில் பிடித்துத் திருப்பிப் பழகினேன். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "திருப்பி முடிஞ்சால் தாங்கோ, அரிசி புடைக்கவேணும்" என்றாள்.

என் வேலையையும் சொல்லவேண்டும். நான் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றில் மனேச்சர். பெயர்தான் மனேச்சர். அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குச் சாமான்களை விடாத அந்தத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, வரிசையில் வருகிறவர்களுக்குப் போத்தல் போத்தலாக அளந்து ஊற்றுவதுதான் உத்தியோகம். அந்த மணம் பட்டால் மனைவிக்கு நெஞ்சு அடைக்கும். அதனால் வேலை முடிந்து வந்ததும் சேட்டைக் கிணற்றடித் தேசிமரத்தில் கழற்றிப் போட்டு, சவர்க்காரம் இருந்தால் சவர்க்காரமும் இல்லாவிட்டால் தேசிக்காயும் தேய்த்துத் தோய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் போவேன். ஜாம் போத்தலில் திரி போட்ட எங்கள் விளக்கும் உள்ளே வராது. அது விறாந்தையில் இருக்கும். வாசலால் வருகிற வெளிச்சத்தில் சாப்பிடுவோம். பொழுதுபட்டதும் விளக்கைக் கொளுத்தித் தள்ளி வைப்பது என் பொறுப்பு. ஒரு நாள்கூட அதில் பிழை விட்டதில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

கொட்டில் போட்ட கதை பரவி, கார் தானாகவே வந்து சேர்ந்தது. விசுவமடுப் பக்கம் வாடகைக்குக் கார் ஓட்டிய ஒருவர் கொண்டுவந்தார். என்னைவிட மூத்தவர், சாரத்தை மடித்துக் கட்டி, பேசும்போது காரைத் தட்டிக்கொண்டே பேசுகிறவர். பழைய இங்கிலீசுக் கார், ஏ-40. அந்தக் காலத்தில் வன்னியில் மிச்சமிருந்த கார்கள் எல்லாம் எங்கள் வயதைவிடக் கூடிய வயதுடையவைதான். ஆனால் இதுபோல ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. உடம்பு சாம்பல், ஒரு கதவு பச்சை, இன்னொன்றுக்கு நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை. முன் கண்ணாடியில் பாதி கண்ணாடி, பாதி பொலித்தீன். பின் கண்ணாடிகளுக்குப் பதில் தகரம் அடித்து, உள்ளே அழகாகப் பூப்போட்ட சீலையால் மறைத்திருந்தார். அடித்தட்டு முழுக்க நெய்ப்பேணியும் பால்மாப்பேணியும் வெட்டி ஒட்டிய ஒட்டுக்கள். பற்றரி இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய வெற்றிலைப் பெட்டி இருந்தது. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். காரைத் தள்ளித்தான் கிளப்பவேண்டும்.

"அண்ணை, இதிலை அசல் எண்டு என்ன இருக்கு?" என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் வாகனம் தெரிந்தவன் என்று நினைப்பார் என்பது என் எண்ணம்.

அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். "நம்பர் பிளேட்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "முன்னாலையது" என்று சேர்த்துக்கொண்டார்.

எரிபொருளைப் பற்றி அவர் விளக்கியபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. எங்கள் பக்கத்தில் பெற்றோல் என்பது மருந்துக்குக் கிடைக்கிற சாமான். அதனால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்ப மட்டும் கொஞ்சம் பெற்றோல். அதை ஒரு சேலைன் போத்தலில் விட்டு, நோயாளிக்கு ஏற்றுவதுபோலக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் சொட்ட விடுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிற்பாட்டுவதற்குச் சற்று முன்னால் மறுபடி பெற்றோலுக்கு மாற்றவேண்டும். அதை மறந்து நிற்பாட்டினால், பிறகு ஊரே திரண்டு தள்ளினாலும் கிளம்பாது.

"மண்ணெண்ணெயிலை ஓடுற கார், மண்ணெண்ணெய் அளக்கிற மனேச்சர்" என்றார் கார்க்காரர். "இதைவிடப் பொருத்தம் கலியாணத்துக்கும் பாக்கேலாது."

அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். உண்மையில் பங்கீட்டு எண்ணெயில் ஒரு சொட்டைக்கூட மேலதிகமாக எடுக்க எனக்குத் துணிவு கிடையாது. என்றாலும் அந்த மணத்தில் ஊறியவன் என்ற வகையில் அது எனக்கென்றே பிறந்த கார் போலத் தோன்றியது.

விலை காசாகப் பேசப்படவில்லை. அவருக்குக் கறவை மாடு தேவைப்பட்டது, எங்களிடம் இரண்டு பசுக்கள் இருந்தன, அதில் சிவப்பியைப் பேசினோம். இதனால் ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. நான் அவருடைய காருக்குக் கீழே படுத்துப் பார்ப்பேன். அவர் என் மாட்டுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். நான் ரயரை உதைத்துப் பார்ப்பேன். அவர் மடியைத் தொட்டுப் பார்ப்பார். கார் எண்ணெய் ஒழுக்குகிறதா என்று கேட்டால் "சொட்டும் இல்லை" என்பார், ஒழுகிய இடத்தில் காலை வைத்து மறைத்தபடி. சிவப்பி உதைக்குமா என்று அவர் கேட்டால், "அது குழந்தைப் பிள்ளை மாதிரி" என்பேன் நான். சிவப்பியின் பின்னங்காலைக் கயிற்றால் கட்டாமல் எங்கள் வீட்டில் ஒருவரும் பால் கறந்ததில்லை.

எனக்கு இன்னொருவரின் அபிப்பிராயமும் தேவைப்பட்டது. மனைவியின் தம்பி நாயாற்றில் மீன்பிடிக்கிறவன். போட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவான். அவனைச் சைக்கிளில் அழைத்து வந்து காட்டினேன். அவன் முதலில் குனிந்து அடித்தட்டு முழுவதையும் விரலால் தட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், கனக்க ஓட்டை. தண்ணி உள்ளை வரும்."

"இது ரோட்டிலை ஓடுறது, தம்பி."

"அப்ப எஞ்சின் திறம்" என்றான். அதோடு நிபுணர் ஆலோசனை முடிந்தது.

இவ்வளவு நாளும் காரைப் பார்க்காத ஒருத்தி இருந்தாள். கார்க்காரர் வரும் நேரமெல்லாம் அவள் குசினிக்குள் இருந்தாள், அல்லது சங்கக் கடைக்குப் போயிருந்தாள். நானும் கூப்பிடவில்லை. வாகனம் பார்ப்பது ஆம்பிளையள் விசயம் என்று வாயால் சொல்லாவிட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற நிற்பில் அது இருந்தது. ஆருக்காகக் கார் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனோ, அவளை ஒரு தடவை அதற்குள் இருத்திப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் கார்க்காரருக்குத்தான் வந்தது.

"அக்காவையும் ஏத்துங்கோ மனேச்சர். ஆசுபத்திரி வரைக்கும் ஓடிப் பாப்பம். நாளைக்கு அவசரத்துக்குப் போறதும் அந்த ரோட்டாலைதானே. போய்த் திரும்பி வந்து உங்கட முடிவைச் சொல்லுங்கோ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு புறப்பட்டோம். மனைவி கோயிலுக்கு உடுத்த சீலையோடேயே வந்தாள். நான் ஒரு மந்திரி மனைவிக்குத் திறப்பதுபோலப் பின் கதவைத் திறந்தேன். திறந்ததும் அது கையோடு வந்தது. கார்க்காரர் அதை வாங்கிப் பழையபடி கொளுவி, கம்பியால் கட்டினார். "இனித் திறக்காது, பயப்படாதேங்கோ" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். வேலிகளுக்குள்ளிருந்து ஆட்கள் வந்து தள்ளினார்கள். சேலைன் சொட்டியது, கார் இருமியது, குதித்தது, கிளம்பியது. நான் முன் சீற்றில் கையைக் கண்ணாடிக்கு வெளியே போட்டுக்கொண்டு இருந்தேன். சேட்டுக் கை திட்டமிட்ட இடம் வரை மடிந்திருந்தது.

கொஞ்சத் தூரத்தில் கார்க்காரர் குழாயை மாற்றினார். கார் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது. சத்தம் இரண்டு மடங்காகியது. நெய்ப்பேணி ஒட்டுகளின் இடுக்குகளால் வெள்ளைப் புகை மெல்ல மேலே வந்தது. எனக்கு அது ஒன்றும் தெரியவில்லை. முன் கண்ணாடியின் பொலித்தீன் கிழிசலால் காற்று எனக்கு முகத்தில் அடித்தது. அதோடு அந்த மணம் என் மூக்குக்கு உத்தியோக மணம். பின்னால் இரண்டு பக்கமும் தகரம், பூப்போட்ட சீலை, கம்பியால் கட்டிய கதவு.

அவள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. "ஓம் ஓம்" என்றேன், திரும்பிப் பாராமலே. கார் நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு அவள் வாழ்நாளில் என்னிடம் ஒரு காரணமும் தந்ததில்லை. மறுபடியும் ஏதோ சொன்னாள். "சொகுசாத்தான் இருக்கு!" என்று கத்திப் பதில் சொன்னேன். கார்க்காரரும் நானும் கொட்டிலுக்குக் கதவு வைப்பதா வேண்டாமா என்று சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டு போனோம்.

பிறகு என் தோளில் அவள் கை வந்து பட்டது. தட்டியது. கலியாணம் செய்த நாளிலிருந்து, சைக்கிளில் பிடித்துக்கொள்வதைத் தவிர, வெளியிடத்தில் அவள் என்னைத் தொட்டதில்லை. என் மனம் குளிர்ந்துபோய்விட்டது. அந்தக் கையின் மேல் என் கையை வைத்து மெல்லத் தட்டிக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என்னைப் பிடித்துக் கன்னத்தில் அறையவேண்டும் போல இருக்கிறது. அந்தக் கை குளிர்ந்திருந்தது. அது வழுகிக் கீழே போனபோதுதான் திரும்பினேன்.

புகைக்குள் அவள் தோள்கள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. வாய் திறந்திருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்திய கத்தில் கார்க்காரர் பெற்றோலையும் மறந்தார், குழாயையும் மறந்தார். கார் நடு ரோட்டில் அப்படியே செத்தது. கட்டிய கம்பியை அவிழ்க்க எங்கள் இருவருக்கும் கை ஓடவில்லை. கடைசியில் நான் முன் சீற்றுக்கு மேலால் அவளை இழுத்து வெளியே எடுத்து மதகுக் கட்டில் இருத்தினேன். வெளிக்காற்றுப் பட்டும் இழுப்பு அடங்கவில்லை. கார்க்காரர் காரைத் தனியாகத் தள்ளிப் பார்த்தார். ஊரே தள்ளினாலும் கிளம்பாது என்று அவரே சொன்னதை மறந்து தள்ளிக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த நேரம் மீன் வியாபாரி ஒருவர் வந்தார். எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் மீன் பெட்டியை அவிழ்த்து மதகடியில் இறக்கிவிட்டு, "கொண்டு போங்கோ" என்று சைக்கிளைத் தந்தார். நான் மிதித்தேன். அவள் என் முதுகில் சரிந்தாள். விழாமல் இருக்க அவள் தோளைத் தாங்கிப் பிடித்தபடி, மடித்துக் கட்டிய சாரத்தோடு, கார்க்காரர் பக்கத்தில் ஓடி வந்தார். அவள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் என் முதுகெலும்பில் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். மாதாவே, மாதாவே என்று சொன்னேனே தவிர வேறு செபம் எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. ஆசுபத்திரி வரைக்கும் ஓடிப் பார்ப்பது என்று புறப்பட்டோம். ஓடித்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஊசி போட்டு, ஒட்சிசன் வைத்து, மத்தியானமளவில் அவள் முகத்துக்கு நிறம் வந்தது. வாசலில் கார்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். இருக்க வாங்கு இருந்தது, இருக்க மனம் வரவில்லை. தேசிமரமும் ஜாம் போத்தல் விளக்கும் அப்போதுதான் என் தலைக்குள் வந்து நின்றன. ஒவ்வொரு நாளும் தோய்ந்து, விளக்கைத் தள்ளி வைத்து, அவ்வளவும் செய்த மனிசன், அதே எண்ணெயைப் பெட்டிக்குள் எரித்து, அந்தப் பெட்டிக்குள் அவளைக் கட்டி வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். என்ன கேள்வி.

"சொன்னனான்" என்றாள். மூச்சுக்கு நிறுத்தினாள். "மணக்குது, நிப்பாட்டுங்கோ எண்டனான். நீங்கள் ஓம் ஓம் எண்டீங்கள்."

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும், நான் மறுபடி கொட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தொடங்கினேன். ஆசை அப்படி லேசில் சாகாது. ஒரு பின்னேரம் மெல்லக் கதையைத் தொடங்கினேன். தகரத்தைக் கழற்றி எறிந்துவிடலாம், அடித்தட்டை நன்றாக அடைத்துவிடலாம், அவளை முன்னுக்கு இருத்தலாம். இனி அவள் ஒரு சத்தம் போட்டால் போதும், உடனே நிற்பாட்டச் சொல்வேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கார் ஓட்டிப் பழகிய அதே சுளகு.

"இழுப்பு வந்தால் எனக்குச் சத்தம் வராது" என்றாள். "சைக்கிளிலை எண்டால் நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. என்ரை மூச்சு உங்களுக்கு முதுகிலை கேக்கும்."

கார் வாங்குவதா விடுவதா என்ற கேள்வி அங்கே முடிந்தது. அன்று பின்னேரமே இரண்டு பசுக்களையும் கொண்டுபோய்க் கொட்டிலில் கட்டினேன். கிரவல் போட்ட நிலம், கிடுகுக் கூரை. வன்னியிலேயே அவ்வளவு வசதியாக இருந்த மாடுகள் அவைதான்.

அடுத்த கிழமை கார்க்காரர் வந்தார், சைக்கிளில். கரியரில் சாக்கில் சுற்றிய ஒரு பொதி. அவிழ்த்தால் காரின் பின் சீற்றில் வெட்டி எடுத்த மெத்தை, கரியர் அளவுக்குத் தைத்திருந்தது.

"அக்கா இருக்க" என்றார். "காரிலை அசல் எண்டால் இதுதான் மனேச்சர். நம்பர் பிளேட் எண்டு அண்டைக்குச் சும்மா சொன்னனான்."

எனக்கும் மனம் கேட்கவில்லை. "அண்ணை, சிவப்பி உதைக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றார். சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே ஆறிப்போன ஒரு நீலத்தைக் காட்டினார்.

ரியூப் துண்டுகளால் மெத்தையைக் கரியரில் இறுக்கிக் கட்டினோம். சங்கிலியைப் புதிதாக மாற்றினேன். அந்த மாரி முழுக்க அவளை அதில் இருத்திக்கொண்டுதான் ஆசுபத்திரிக்கும் கோயிலுக்கும் போனேன். சனம் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள், பூசை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அவள் மெத்தையில் நன்றாக இருந்துகொண்டு, தன் தம்பி அனுப்பிய மீனை என்ன செய்வது என்று கதைத்துக்கொண்டு வந்தாள். தூரத்தில் அந்தக் கார் புகையைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தது. கார்க்காரர் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். அவள் மீன் கதையை நிறுத்தவில்லை. ஆனால் முதுகில் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. சைக்கிளைப் பக்கத்து ஒழுங்கைக்குள் திருப்பினேன்.